'ஐகான்' என்பதற்குத் 'திருச்சாயல்': ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

கிழக்கு மரபுத் திருச்சபைகளில் மரப்பலகையில் தீட்டி வழிபாட்டில் வைக்கும் புனித ஓவியமான ஐகானுக்குத் தமிழில் இதுவரை முன்வைக்கப்பட்ட சொற்களில் எனக்கு நிறைவில்லை. 'சுரூபம்' என்றால் நம் கத்தோலிக்கர்களுக்குச் சிலைதான் நினைவுக்கு வரும். 'படிமம்' கவிதைத் திறனாய்வுக்குரியதாகிவிட்டது. 'திருவுருவம்' அழகிய சொல்லே எனினும், ஓவியத்துக்கும் அதில் காட்டப்படுபவருக்கும் உள்ள உறவை அது சொல்வதில்லை.

அந்த உறவைப் பற்றியதே 8ஆம் நூற்றாண்டில் கிழக்குத் திருச்சபையில் எழுந்த பெரும்பூசல். கிறிஸ்துவின் இறைமையைத் தீட்ட முடியாது, மனிதத்தன்மையை மட்டும் தீட்டினால் அவரைப் பிளந்ததாகும் என்று 754இல் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அருகே ஹியரியாவில் கூடிய ஆயர்கள் சங்கம் ஐகான்களை விலக்கியது. உருவமற்றவர் உடலெடுத்துக் கண்ணுக்குத் தெரிந்தபின் அந்தத் தோற்றத்தைத் தீட்டலாம் என்று இறையியலாளர் தமஸ்கு யோவான் அதற்கு முன்பே வாதிட்டிருந்தார். 787இல் இரண்டாம் நிசேயா சங்கம், ஆராதனை இறைவனுக்கே உரியது, ஐகானுக்குச் செய்யும் வணக்கம் அதில் காட்டப்படுபவரைச் சென்றடைகிறது என்று வரையறுத்தது. ஐகானைப் புனிதப்படுத்தத் தனி மன்றாட்டு தேவையில்லை, அது தாங்கும் பெயரே போதும் என்றும் அங்கு விடை கூறப்பட்டது. ஆகமப் பிரதிஷ்டையிலிருந்தும், பெருமாளே எழுந்தருளியிருப்பதாகக் கொள்ளும் அர்ச்சாவதாரக் கோட்பாட்டிலிருந்தும் இது வேறுபடுவதால், 'மூர்த்தி', 'விக்கிரகம்' என்பவற்றைத் தவிர்ப்பதே இரு மரபுகளுக்கும் நேர்மை.

எனவே 'திருச்சாயல்' என்பதை முன்மொழிகிறேன். ஆதியாகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் மனிதனைப் படைக்கும் இடத்தில் வருவதும் 'ஐகான்' என்பதன் மூலமான 'ஐக்கோன்' என்னும் சொல்தான். அங்கே தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு 'நமது சாயலாகவும்' என்கிறது. ஆக, ஓவியத்தையும் மனிதனையும் ஒரே சொல்லால் இணைக்கும் கிரேக்கச் சிந்தனை தமிழிலும் அறுபடாமல் நிற்கும். 'அப்பா சாயல்' என்று பேச்சில் வழங்குவதால் சொல் கனமற்றது என்று சிலர் கருதக்கூடும். எனக்கோ அதுவே அதன் வலிமையாகப் படுகிறது: பிள்ளை தந்தையல்ல, ஆயினும் தந்தையின்றி அச்சாயல் இல்லை. தமஸ்கு யோவானும் ஐகானின் வகைகளைச் சொல்லும்போது, தந்தையின் இயல்பான ஐகானாக மகனையே முதலில் வைக்கிறார்.

சாயலுக்கு மூலமானவரை 'முதலுரு' எனலாம். 'மூலவர்' என்பது கருவறைத் திருமேனியைக் குறிப்பதால் இங்கே ஒவ்வாது. ஐகான் எதிர்ப்பியக்கத்தைச் 'சிலையுடைப்பு' என்பதும் பொருந்தாது. பூசல் பெரிதும் ஓவியங்களையும், சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்து ஆக்கும் மொசைக்குகளையும் பற்றியது. கான்ஸ்டாண்டிநோபிளின் புனித ஐரீன் கோயிலில் அக்கால ஐகான் எதிர்ப்பாளர்கள் உருவம் எதுவுமின்றிச் சிலுவையை மட்டும் மொசைக்கில் பதித்தார்கள். அவர்களுடையதும் ஒரு இறையியல் நிலைப்பாடு என்பதால் 'திருச்சாயல் மறுப்பு' என்றே வழங்கலாம்.