குடியிருப்பவர்களைக் கேட்டுக் கட்டிய இடங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

வரைபலகை:
நான் வரைபடம் போட்டுக் கொடுத்த குடியிருப்பின் மறுகட்டுமானம் முடிந்து ஓராண்டு கழித்துப் போனபோதுதான் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு வீட்டின் சமையலறைச் சுவரில், கண் மட்டத்தில், இரண்டு செங்கற்களைப் பெயர்த்தெடுத்து, ஓரங்களில் சிமெண்ட் பூசி வழவழப்பாக்கியிருந்தார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அந்த வீட்டு அம்மா சாக்கட்டியால் தரையில் கட்டம் போட்டு அதன் நடுவில் நின்று, "அடுப்படியில் நின்றால் பிள்ளைகள் விளையாடுவது தெரிய வேண்டும்" என்று சொன்னவர். தலையாட்டினேன், குறிப்பேட்டிலும் எழுதினேன். வரைபடத்தை மாற்றவில்லை. என்னைக் கண்டதும் அவர் கோபப்படவில்லை, "வாருங்கள்" என்றார். அதுதான் உறுத்துகிறது.

மேல்தளம்:
உங்கள் கூட்டத்தில் சாக்கட்டியாவது இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு எங்களுக்கு நடந்த கூட்டத்தில் தெர்மாகோலில் செய்த கட்டட மாதிரியும் வண்ண ஒட்டுத்தாள்களும்தான். படிக்கட்டு இவ்வளவு குறுகலாக இருந்தால் படுத்த படுக்கையாக இருப்பவரை எப்படி இறக்குவது என்று கேட்டேன். "முதலில் வெளிச்சுவருக்கு நிறம் தேர்ந்தெடுங்கள்" என்றார்கள். வரைபடத்தின் மூலையில் ஒப்புதல் முத்திரை இருந்தது. அதன் தேதி கூட்டத்துக்கு மூன்று வாரம் முந்தையது. அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். உச்சிப் படியில் அதிகாரம் மக்கள் கையில் இருக்கும், அடிப்படியில் பங்கேற்பு என்ற பெயரில் மக்களை இணங்க வைப்பார்கள். கையில் பச்சை ஒட்டுத்தாளோடு நான் அடிப்படியில் நின்றிருக்கிறேன்.

தூக்குக்குண்டு:
வரைபலகை, அது பளு தாங்கும் சுவரா என்று பார்த்தீர்களா? நான் பார்த்த ஒரு கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரர் அறையைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுத்துவிட்டார். மேல்வீட்டு விரிசலில் என் கட்டைவிரல் நுழைந்தது. ஆகவே படிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்: சுவரைத் தொடுவதற்கு முன் கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். மேல் தளத்திலும் அதே இடத்தில் சுவர் வருகிறதா, உத்தரம் அதன்மேல் அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னல் திறப்புக்கு மேலே லிண்டல் (மேலுள்ள சுவரின் சுமையைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இல்லாமல் ஒரு செங்கல்லையும் எடுக்காதீர்கள். மக்கள் மாற்றுவார்கள் என்று தெரிந்தால் அதற்கு இடம் விட்டே கட்ட வேண்டும். சிலியின் இகிகே நகரில் கட்டடக்கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் எலெமெண்டல் குழு 2004-இல் கட்டிய கின்டா மன்ராய் குடியிருப்பு அப்படிப்பட்டது. அங்கே சுமார் 100 குடும்பங்கள் முப்பது ஆண்டுகளாக ஆக்கிரமித்து வாழ்ந்த நிலத்திலேயே, ஒரு குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியத்தில், பாதி வீட்டைக் கட்டினார்கள். சமையலறை, குளியலறை, படிக்கட்டு, பளு தாங்கும் சுவர் ஆகிய கடினமான பகுதிகளை அவர்கள் முடித்துக் கொடுக்க, நடுவில் விட்ட வெற்றிடத்தைக் குடும்பங்களே நிரப்பிக்கொண்டன. எங்கே உடைக்கலாம், எங்கே சேர்க்கலாம் என்பது முதல் நாளே முடிவாகியிருந்தது. அனுதாபத்தைவிட அந்தத் தெளிவுதான் உதவும்.

பழைய நிலை:
தூக்குக்குண்டு, தெளிவு வேண்டும்தான். அதற்காக அனுதாபத்தைத் தள்ளிவைக்காதீர்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் இடிபாட்டை அள்ள லாரி வருவதற்குள், கதவு நிலைகளைத் தனியே எடுத்து ஒவ்வொன்றின் பின்புறமும் கரியால் வீட்டு எண்ணை எழுதினோம். எங்கள் நிலையில் என் தம்பியின் உயரத்தைக் கத்தியால் கீறிய கோடுகள் ஏழு. நிலநடுக்கத்தில் அவன் இறந்துவிட்டான். புது வீட்டின் வாசல் அளவுக்கு அது பொருந்தவில்லை, "புதியதே நல்லது" என்றார் பொறியாளர். கொத்தனார்தான் யாரையும் கேட்காமல் இருபுறமும் சுவரை ஒரு கை அகலம் குறைத்து அதைப் பொருத்தினார். இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான, போலந்துத் தலைநகர் வார்சாவின் பழைய நகரத்தையும் இடிபாட்டுச் செங்கற்களைப் பொறுக்கி, இத்தாலிய ஓவியர் பெலோட்டோவின் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்களையும் கட்டடக்கலை மாணவர்கள் போருக்கு முன் எடுத்த அளவுகளையும் வைத்து எழுப்பினார்கள். 1980-இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அளவு பொருந்தவில்லை என்று அங்கே யாரும் நிறுத்தவில்லை.

வரைபலகை:
தூக்குக்குண்டு கேட்டதால் நேற்று இரவு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அது வெறும் தடுப்புச் சுவர். அங்கே ஜன்னல் வைக்க எந்தத் தடையும் இருந்திருக்கவில்லை.