குடிமீட்புக் குழுவில் ஒருத்தரே பேசுறார், மத்தவங்க என் மூஞ்சியையே பார்க்குறாங்க. என்ன செய்யறதுங்க?

பல்லடம்ரோடு:
வணக்கமுங்க. திருப்பூர்ல குடியிலிருந்து மீள்றவங்களுக்கு ஒரு குழு நடக்குது. ஞாயிறு காலை 10 மணி, 90 நிமிசம், மொத்தம் 12 வாரம். ஆலோசகர் நான் ஒருத்தர் மட்டும். எல்லாரும் ஆஸ்பத்திரியில டீடாக்ஸ் (உடம்பிலிருந்து குடியை இறக்கற சிகிச்சை) முடிச்சுட்டு வந்த ஆம்பளைங்க: டைலர், அயர்னிங், சாயப்பட்டறை, தறி. 10 பேரோட ஆரம்பிச்சது, 4 வாரத்துல 7 பேர் ஆயிருச்சு.

ஒரு பெரியவர் பாதி நேரத்தை எடுத்துக்கறார். மத்தவங்க நான் கேட்டா மட்டும் எனக்குப் பதில் சொல்றாங்க, ஒருத்தருக்கொருத்தர் பேசறதே இல்லை. உள்ளே ஒரு மாமன் மச்சான் ஜோடி வேற இருக்குது. போன வாரம் ஒரு தம்பி, "இங்க வந்து என்னங்க பிரயோசனம்"னு கேட்டுட்டார். எங்கிருந்து சரி பண்றதுங்க?

நொய்யல்கரை:
அந்தத் தம்பி கேட்டது நல்ல சேதிங்க. நாலாம் வாரம் பெரும்பாலும் உரசல் வர்ற காலம்தான். உளவியலாளர் டக்மன் 1965-ல் குழு வளர்ச்சியை நாலு கட்டமாகப் பிரித்தார்: ஒன்று கூடுதல், உரசல், ஒழுங்கு படிதல், வேலை நடத்தல். 1977-ல் பிரிதலையும் சேர்த்து ஐந்தாக்கினார்கள். உரசலை மூடி மறைத்தால் மூன்றாவது கட்டம் வராது. "நீங்க கேட்டது இன்னும் நாலு பேர் மனசுல இருக்கும்னு நினைக்கறேன், வேற யாருக்கு அப்படித் தோணுச்சு?"னு அப்பவே குழுவிடம் திருப்பியிருக்கணும். அடுத்த ஞாயிறே எடுத்துப் பேசுங்க, தாமதம் ஆகலை.

இப்ப நடப்பது குழு இல்லை. ஏழு பேருக்குத் தனித்தனியாகக் கொடுக்கும் கவுன்சலிங்கை மத்த ஆறு பேர் உட்கார்ந்து பார்க்கறாங்க. வண்டிச் சக்கரம் மாதிரி எல்லாப் பேச்சும் நடுவில் இருக்கிற குடத்துக்கு வந்து திரும்புது, குடம் நீங்க. உறுப்பினரோடு உறுப்பினர் பேசாத வரைக்கும் குழுவுக்கென்று இருக்கிற மருந்து வேலை செய்யாது. மனநல மருத்துவர் யாலோம் குழு சிகிச்சையில் குணமாக்கும் காரணிகள் என்று 11-ஐச் சொன்னார். "எனக்கு மட்டும் இல்லை இந்த நோவு" என்ற தெளிவு, முன்னாடி போனவரைப் பார்த்து வரும் நம்பிக்கை, இன்னொருத்தருக்கு உதவினதில் கிடைக்கும் மதிப்பு, இதெல்லாம் அதில் வரும். இதில் எதையும் ஆலோசகர் ஊட்டிவிட முடியாது, உறுப்பினர்களுக்குள்ளேதான் கிடைக்கும்.

செய்முறைக்கு வர்றேன். ஒருத்தர் உங்களைப் பார்த்துப் பேசறப்ப பார்வையை மெதுவா எதிரில் இருக்கிறவர்மேல் கொண்டுபோங்க, பேசறவர் கண்ணும் அங்கே போகும். பிறகு இணைப்புக் கேள்வி: "சம்பளத்தன்னைக்குக் கால் தானா கடைப்பக்கம் போகுதுன்னு இவர் சொன்னாரு, போன வாரம் நீங்களும் அதையே சொன்னீங்க. அவருக்கு என்ன சொல்லுவீங்க, அவரைப் பார்த்தே சொல்லுங்க." ஒரு அமர்வில் இப்படி நாலு தடவை செய்தாலே போதும். அமைதி வந்தால் நீங்க நிரப்பாதீங்க, மனசுக்குள் 20 எண்ணுங்க. அநேகமாக யாராவது வாயைத் திறப்பார்.

பெரியவர் விஷயம். அதிகம் பேசறது பெரும்பாலும் பதட்டம். அதைவிட முக்கியம், குழு அவரைப் பேசவிடுது. அவர் பேசற வரைக்கும் மத்தவங்க தப்பிச்சுக்கறாங்க. நாற்காலியிலிருந்தே ஆரம்பிங்க. அவரை உங்க பக்கத்திலும், பேசாதவரை நேர் எதிரிலும் உட்கார வையுங்க. பக்கத்தில் இருக்கிறவரோடு கண் சந்திக்காது, பேச்சு தானே குறையும். முதல் சுற்றில் ஆளுக்கு 2 நிமிசம், அவருக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்க. நீட்டிட்டே போனா, மூச்சு விடும் இடத்தில் கையை லேசா உயர்த்தி, "அண்ணா, ஒரு நிமிசமுங்க. வீட்ல நம்ப மாட்டேங்கறாங்கங்கறதுதான் உங்க வேதனைன்னு எனக்குப் படுது. இது வேற யார் வீட்ல நடக்குது?" ஒரே வரியில் சுருக்கிச் சொல்லிட்டு நகர்த்தணும். சுருக்கம் இல்லாமல் வெட்டினால் அவமானமாகிடும், அடுத்த வாரம் நாற்காலி காலி.

ரெண்டு அமர்வில் சரியாகலைன்னா, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி 5 நிமிசம் தனியே கூப்பிட்டு, "உங்க அனுபவம் வேணும், ஆனா இன்னைக்கு மத்தவங்க வாயிலிருந்து வரவழைக்க எனக்கு ஒத்தாசை பண்ணுங்க"ன்னு கேளுங்க.

மஞ்சமண்டி:
மேலே சொன்னது முழுக்கச் சரி. நம்ம பக்கத்துக்கு மூணு சேர்க்கணும்.

கொங்குல கோபம் கோபமா வராது, "சரிங்க, சரிங்க"ன்னு வரும். தொடர்ந்து மூணு வாரம் எதுக்கெடுத்தாலும் சரிங்கன்னு தலையாட்டுறவர் ஒத்துக்கிட்டார்னு நினைக்காதீங்க. அடுத்து குழுவை விட்டு நிற்கப் போறவர் அவராக இருக்கலாம். தாமதமா வர்றது, செருப்புப் போட்டுட்டே உள்ளே எட்டிப் பார்க்கறது, கதவோரமே உட்கார்றது எல்லாம் இதே கணக்குத்தான். அவரிடம் "சரியா?"ன்னு கேட்காதீங்க. "இதுல எது உங்களுக்கு ஒத்து வராது?"ன்னு கேளுங்க. மறுத்துப் பேசறதுக்கு நீங்களே வாசலைத் திறந்து விட்ட மாதிரி ஆகும்.

மாமன் மச்சானை ஒரே குழுவில் வைக்கவே கூடாது. மச்சான் எதிரில் ஒருத்தன் அவனோட அக்காளை அடிச்சதைப் பத்தியோ, சீர்ப்பணத்தைக் குடிச்சதைப் பத்தியோ எப்படிப் பேசுவான்? காண்ட்ராக்டரும் அவர்கிட்ட வேலை செய்யற டைலரும் இருந்தாலும் அதேதான். தனியே ரெண்டு பேரையும் கூப்பிட்டு, யார் மாறறதுன்னு அவங்களையே முடிவு பண்ண விடுங்க. மாறறவர் ஒரு அமர்வு வந்து சொல்லிட்டுப் போகட்டும். திடீர்னு ஆள் காணாம போனா, "விரட்டிட்டாங்க"ன்னு மிச்சம் பேருக்குப் பயம் வந்துரும். இதையெல்லாம் சேர்க்கறதுக்கு முந்தின தனி நேர்காணல்லயே, 30 நிமிசம் போதும், கேட்டிருந்தா வந்திருக்காது. எந்த ஊர், எந்தக் கம்பெனி, இங்க வேற யாரைத் தெரியும். இந்த மூணு கேள்வி கட்டாயம்.

ரகசியம் பத்தி ஒரு தடவை சொன்னா பத்தாது. ஊரு சின்னது, டீக்கடையில் எல்லாரும் சந்திப்பாங்க. அதனால "வெளியே சொல்லாதீங்க"ன்னு மட்டும் சொல்லாம, வெளியில பார்த்தா வணக்கம் வைக்கறதா வேண்டாமாங்கறதைக்கூடக் குழுவே முடிவு பண்ணட்டும். விதிவிலக்கையும் முதல் நாளே சொல்லணும்: உயிருக்கு ஆபத்து இருந்தா ரகசியம் கிடையாது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடக்கறது தெரிஞ்சா 2012 போக்சோ சட்டப்படி புகார் சொல்லியே ஆகணும்.

பல்லடம்ரோடு:
ரொம்ப நன்றிங்க. ஒண்ணு கேட்க விட்டுப்போச்சு. ஞாயித்துக்கிழமைங்கறதால சிலர் முந்தின ராத்திரி குடிச்ச வாசத்தோடவே வர்றாங்க. மூணு இடம் காலியா இருக்குது, புது ஆள் சேர்க்கலாமா?

சென்னிமலையான்:
போதையில் இருக்கிறவரை வட்டத்தில் உட்கார வைக்காதீங்க. திட்டவும் வேண்டாம். வாசல்லயே, "இன்னைக்கு முடியாதுங்க, அடுத்த வாரம் உங்க இடம் இருக்கும்"னு சொல்லி, வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கி வச்சுட்டு, துணைக்கு ஆள் போட்டு வீட்டுக்கு அனுப்புங்க. நீங்க ஒருத்தரே நடத்தறதால இதுக்கு இன்னொரு ஆள் கட்டாயம் வேணும். முடிஞ்சா துணை ஆலோசகராகவே வச்சுக்குங்க. ஒருத்தர் பேசறவரைக் கவனிச்சா இன்னொருத்தர் பேசாதவங்களைக் கவனிக்கலாம்.

மறுபடி தினமும் குடிக்க ஆரம்பிச்சவர் "இன்னையோட விட்டுட்டேன்"னு வந்தா குழுவுக்கு முன்னாடி மருத்துவர். நிறுத்தின 6 முதல் 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டு மூணு நாளில் கைநடுக்கத்தோட, இல்லாதது கண்ணுக்குத் தெரியறது, நினைவு தடுமாற்றம்னு வந்தா உயிருக்கே ஆபத்து. அதைப் பேச்சால் சரி பண்ண முடியாது.

ஒரு தடவை சறுக்கினவரைக் குழுவை விட்டு அனுப்பாதீங்க. அவரை வச்சுத்தான் அன்னைக்குப் பாடம். "ஏன் குடிச்சீங்க"ன்னு கேட்டா சாக்குதான் வரும். முதல் மடக்குக்கு முந்தின 3 மணி நேரத்தை அரை மணி அரை மணியாகச் சொல்லச் சொல்லுங்க: சம்பளம் எத்தனை மணிக்கு, கூட யார், சாப்பிட்டாரா, எந்த ரோட்டில் வந்தார். மத்தவங்க வேலை, எந்த இடத்தில் திரும்பியிருக்கலாம்னு காட்டறது. உடனே "சாமி மேல சத்தியம் பண்ணு"ன்னு அறிவுரை கிளம்பும். அதை நிறுத்தி, "உங்களுக்கு அந்த மாதிரி வந்தப்ப என்ன செஞ்சீங்க, அதை மட்டும் சொல்லுங்க"ன்னு திருப்புங்க.

நேரத்தை மாத்த முடியாதுன்னா கடைசி 15 நிமிசத்தை வர்ற சம்பளச் சனிக்கிழமைக்கு ஒதுக்குங்க. ஆளுக்கு ஒரு நிமிசம்: சம்பளம் கைக்கு வந்த முதல் ஒரு மணி நேரம் எங்கே, யாரோட, பணம் யார் கையில்? நோம்பி, கிடாவெட்டு, எழவு எது வந்தாலும் ஒரு வாரம் முன்னாடியே இதில் வந்துறணும்.

புது ஆளைப் பொறுத்தவரை, ஏழு பேர் நல்ல எண்ணிக்கைதான், சேர்க்காம ஓட்டலாம்.

நொய்யல்கரை:
இதுல மட்டும் கொஞ்சம் மாறுபடறேன். இன்னும் ரெண்டு பேர் நின்னா அஞ்சு ஆகிடும். அதுக்குக் கீழே போனா பேச்சு வறண்டு, பழையபடி எல்லாரும் உங்களையே பார்ப்பாங்க. சேர்க்கறதா இருந்தா இந்த ரெண்டு வாரத்துக்குள்ள, ரெண்டு பேரா ஒண்ணாச் சேருங்க, தனி ஆளா வேண்டாம். தனியா நுழையறவர் வேத்தாளாவே நிப்பார். ஒரு வாரம் முன்னாடியே குழுகிட்டச் சொல்லிருங்க.

அதுக்கும் முன்னாடி, நின்னு போன மூணு பேருக்கும் போன் பண்ணுங்க. அடுத்த அமர்வில் அந்த மூணு நாற்காலியை எடுக்காம அப்படியே போட்டு வச்சு, "இவங்க போனதைப் பத்தி நாம இன்னும் பேசவே இல்லை"ன்னு ஆரம்பிங்க.