சொந்தமா ஒரு ஆர்டிஓஎஸ் எழுதிறதோ, இருக்கிற ஓப்பன் சோர்ஸ் ஒண்டுக்குள்ள இறங்கிறதோ?

விசுவமடு_வயரிங்:

வணக்கம். நான் விசுவமடுப் பக்கம். எலெக்ட்ரோனிக்ஸ் டிப்ளோமா முடிச்சிட்டு இப்ப எங்கட ஆக்களின்ர தோட்டங்களுக்கு கிணத்து மோட்டர் கொன்ட்ரோலர் செய்து குடுக்கிறன். மெசேஜ் போட்டா மோட்டர் ஓடும், கிணறு வத்தினா தானா நிக்கும், வோல்ட்டேஜ் இறங்கினாலும் நிக்கும், அவ்வளவுதான் வேலை. இதுவரைக்கும் எல்லாத்தையும் ஆர்டுயினோ போர்டின்ர லூப்புக்குள்ளதான் (திரும்பத் திரும்ப ஓடுற ஒரே ஃபங்ஷன்) போட்டு ஓட்டினது. பிரச்சினை என்னெண்டா, ஜிஎஸ்எம் மொடியூலுக்கு மெசேஜ் அனுப்பச் சொல்லிப்போட்டு அது ஓகே சொல்லும் வரைக்கும் லூப் அப்பிடியே நிக்குது, சிக்னல் குறைஞ்ச இடங்களில பத்துப் பதினைஞ்சு செக்கன் கூட நிக்கும், அந்த நேரம் பாத்து தண்ணி முடிஞ்சுதெண்டா கரண்ட் சென்சரை ஆர் பாக்கிறது? சிறுபோக நேரம் இஞ்சத்தைய கிணறுகளைப் பற்றித் தெரியும்தானே, இறைக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில அடி தெரியும். மோட்டர் காய்ஞ்சு ஓடினா முதல் சீல் போகும், பேந்து கொயில் கருகும்.

அதாலதான் ஆர்டிஓஎஸ் (கன வேலைகளைக் கெடு தவறாம ஓட விடுற சின்ன ஒபரேட்டிங் சிஸ்டம்) பக்கம் வந்தனான். இப்ப இஎஸ்பி32 எண்ட வைஃபை சிப்பில ஃப்ரீஆர்டிஓஎஸ் எண்ட ஓப்பன் சோர்ஸ் ஆர்டிஓஎஸ் வைச்சு ரெஸ்ட் பண்ணிக்கொண்டிருக்கிறன். ஆனா இன்னொரு ஆசையும் கிடக்கு, சிரிக்காதேங்கோ: புளூ பில் எண்ட சின்ன எஸ்டிஎம்32 போர்டுக்கு சின்னதா சொந்தமா ஒரு ஆர்டிஓஎஸ் எழுதி, தமிழில விளக்கமும் போட்டு, கிட்ஹப்பில ஓப்பன் சோர்ஸா விடோணும். இது செய்யக்கூடிய வேலையோ, இல்லாட்டி செஃபிர், ரயட் மாதிரி ஏற்கனவே இருக்கிற ஓப்பன் சோர்ஸ் ஆர்டிஓஎஸ்களுக்கு பங்களிக்கிறதுதான் புத்தியோ? செஃபிரை இறக்கவும் பாத்தன், டேட்டா பக்கேஜ் முழுக்கக் குடிச்சிட்டுது, பாதியில நிப்பாட்டிட்டன்.

மாங்குளம்_சந்தி:

தம்பி கோவிக்காதையும், உம்மட வேலைக்கு ஆர்டிஓஎஸ்சே தேவையில்லை. ஜிஎஸ்எம் பதிலுக்கு ஏன் லூப்பை நிப்பாட்டி வைச்சிருக்கிறீர்? சீரியல்ல வாறதை இன்டரப்ட்டில பஃபருக்குள்ள போடும், லூப்பில ஸ்டேட் மெஷின் ஒண்டு வைச்சு "அனுப்பினது, பதில் பாத்துக்கொண்டிருக்கு, வந்திட்டுது, நேரம் போட்டுது" எண்டு பிரியும், சென்சரை ஒவ்வொரு சுத்துக்கும் பாக்கலாம். அதைவிட முக்கியம், எந்த சொஃப்ட்வெயரையும் நம்பி மோட்டரை விடாதையும். கிணத்துக்குள்ள ஒரு ஃப்ளோட் சுவிட்ச், ஸ்டார்ட்டரில ஓவர்லோட் ரிலே, ரெண்டையும் கொன்டாக்டர் கொயிலோட சீரீஸில போட்டா போர்ட் செத்தாலும் மோட்டர் தப்பும். மாரிக்கு இடி மின்னல் தொடங்கினா உம்மட போர்ட்தானே முதல்ல போறது.

அக்கராயன்_ஆள்:

மாங்குளம் அண்ணை ஃப்ளோட் சுவிட்ச் பற்றிச் சொன்னது நூறு வீதம் சரி, அதை முதல் செய்யும் தம்பி. ஸ்டேட் மெஷின் கதையும் இப்போதைக்குச் சரிதான். ஆனா நாளைக்கு ஆரும் ரெண்டு கிணத்தையும் ஒண்டாப் பாக்கோணும் எண்டு லோரா (தூரத்துக்கு வேலை செய்யிற ரேடியோ) கேப்பினம், பிறகு டிஸ்ப்ளே, பிறகு வைஃபை, ஒவ்வொரு லைப்ரரியும் தன்ர பாட்டுக்கு உள்ளுக்குள்ள டிலே வைச்சிருக்கும், அப்ப ஸ்டேட் மெஷின் எழுதினவருக்கே விளங்காத நிலைக்குப் போகும். அங்கதான் ஆர்டிஓஎஸ் உதவும்.

கனபேர் ஆர்டிஓஎஸ் போட்டா வேகம் கூடும் எண்டு நினைக்கினம். கூடாது, டாஸ்க் (தனித்தனியா ஓடுற வேலை) மாத்திற செலவு இருக்கிறபடியா கொஞ்சம் குறையவும் பாக்கும். அது தாறது கெடு. கரண்ட் விழுந்தா இத்தனை மில்லிசெக்கனுக்குள்ள ரிலே விழும், மெசேஜ் போனாலென்ன போகாட்டியென்ன. பாதுகாப்பு டாஸ்க்குக்கு முன்னுரிமையைக் கூட்டி, ஜிஎஸ்எம் டாஸ்க்குக்குக் குறைச்சு விட்டா கேர்னல் (ஆர்டிஓஎஸ்இன்ர மையப் பகுதி) மிச்சத்தைப் பாக்கும்.

சொந்தமா எழுதிறதோ எண்டா, எழுதும், கட்டாயம் எழுதும், ஆனா அடுத்தவையின்ர மோட்டரில அதைப் பூட்டாதையும். ஷெட்யூலர், அதாவது எந்த டாஸ்க் எப்ப ஓடோணும் எண்டு பாக்கிற பகுதி, நினைக்கிற அளவு பெரிசில்லை. புளூ பில்லில இருக்கிறது கோர்டெக்ஸ் எம்3, ரேம் 20 கேபி. இன்டரப்ட் ஒண்டு வரேக்க ஆர்0 தொடங்கி ஆர்3 வரை, ஆர்12, எல்ஆர், பிசி, எக்ஸ்பிஎஸ்ஆர் எண்டு 8 ரெஜிஸ்டரை (சிப்புக்குள்ள இருக்கிற சின்ன சேமிப்பிடங்கள்) சிப்பே ஸ்டாக்கில (டாஸ்க்குக்கு ஒதுக்கின மெமரி) தள்ளிப்போடும். மிச்சம் ஆர்4 தொடங்கி ஆர்11 வரை 8ஐயும் நீர்தான் அசெம்பிளியில தள்ளி, ஸ்டாக் பொயின்டரை பழைய டாஸ்க்கின்ர கணக்கில எழுதிவைச்சு, புது டாஸ்க்கின்ரதை எடுத்து, தலைகீழா இறக்கோணும். இதைப் பெண்ட்எஸ்வி எண்ட, டாஸ்க் மாத்தப் பாவிக்கிற இன்டரப்ட்டின்ர ஹாண்ட்லருக்குள்ள செய்யோணும், அதுக்கு ஆகக் குறைஞ்ச முன்னுரிமை குடுக்கோணும், இல்லாட்டி வேற இன்டரப்ட் ஓடிக்கொண்டிருக்கேக்க நடுவில டாஸ்க் மாறப் பாக்கும். இன்னொண்டு, ஒரு டாஸ்க் முதல் தடவை ஓட முன்னம் அதின்ர ஸ்டாக்கில பொய்யா ஒரு ஃப்ரேம் கட்டி வைக்கோணும், அதில எக்ஸ்பிஎஸ்ஆர்இன்ர 24ஆவது பிட் 1 ஆ இருக்கோணும், தம்ப் மோட் எண்டு சொல்றது அதுதான். அது 0 எண்டா முதல் சுவிட்ச்சிலயே ஹார்ட்ஃபோல்ட் எண்டு சிப் நிண்டிடும், நாள் முழுக்க கோடைப் பாத்துக்கொண்டிருந்தாலும் ஒண்டும் பிடிபடாது.

இவ்வளவும் ஓடினாப் பிறகு ஃப்ரீஆர்டிஓஎஸ்இன்ர டாஸ்க்ஸ், க்யூ, லிஸ்ட் எண்ட மூண்டு சி ஃபைலையும் திறந்து வாசியும், கேர்னலின்ர உயிர் அந்த மூண்டுக்குள்ளதான் கிடக்கு. ரிச்சர்ட் பாரி 2003 அளவில தொடங்கினது, 2017 இல அமேசன் பொறுப்பெடுத்து லைசன்ஸையும் எம்ஐடிக்கு மாத்தினவை. அத்தனை வருசமும் போனது ஷெட்யூலர் எழுத இல்லை, ஒவ்வொரு சிப்புக்கும் போர்ட் பண்ண, ரெஸ்ட் எழுத, ஆக்கள் கேக்கிற கேள்விக்குப் பதில் சொல்ல. உம்மட ரெப்போவுக்கு அதை ஆர் செய்வினம்? படிக்க எழுதிறது எண்டு ரீட்மீயில முதல் வரியிலயே போட்டுவிடும், அந்தளவு காணும்.

பரந்தன்_பிள்ளை:

அண்ணா, நான் அறிவியல்நகரில இஞ்சினியரிங் படிக்கிறன், எங்கட ஹொஸ்டலிலயும் இதே டேட்டா பிரச்சினைதான். செஃபிரை இறக்க வெஸ்ட் (அதின்ர டவுன்லோட் ரூல்) அப்டேட் அடிக்கேக்க நரோ எண்ட ஒப்ஷனையும் கிட்டுக்கு டெப்த் 1 எண்டதையும் சேத்துக் குடுங்கோ, பழைய ஹிஸ்டரி ஒண்டும் இறங்காது. வெஸ்ட் கொன்ஃபிக்கில புரொஜெக்ட் ஃபில்டர் போட்டா உங்களுக்குத் தேவையில்லாத கொம்பனிகளின்ர ஹால் மொடியூல்களையும் (அந்தந்தச் சிப்புக்குரிய கோட்) விடலாம், எஸ்டிஎம்32 மட்டும் காணும் எண்டா அதை மட்டும். எஸ்டிகேயும் முழுசா எடுக்காதேங்கோ, மினிமல் எண்டு ஒண்டு இருக்கு, அதை எடுத்து ஆர்ம் ரூல்செயினை மட்டும் சேருங்கோ. எங்கயாவது நல்ல வைஃபை கிடைச்சா ஒருக்கா இறக்கி ஃபோல்டரை அப்பிடியே பென்னில கொப்பி பண்ணி வைச்சா மற்ற ஆக்களுக்கும் குடுக்கலாம், நாங்கள் அப்பிடித்தான்.

போர்ட் இல்லாமலே பழகலாம் எண்டது எனக்குப் பிடிச்ச விசயம். நேட்டிவ் சிம் எண்டு ஒரு போர்ட் பேர் குடுத்து பில்ட் பண்ணினா லினக்ஸ் லப்டொப்பிலயே சாதாரண புரோகிராம் மாதிரி ஓடும், ஜிடிபி எண்ட டிபக்கர் வைச்சு ஒவ்வொரு வரியாப் பாக்கலாம்.

பங்களிக்கிறதைப் பற்றி: செஃபிர் 2016 இல லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குக் கீழ தொடங்கினது, லைசன்ஸ் அப்பாச்சி 2.0. ஒவ்வொரு கொமிட்டிலயும் சைன்ட் ஓஃப் வரி இருக்கோணும், நானே எழுதினது, குடுக்க எனக்கு உரிமை இருக்கு எண்டு ஒப்புக்கொள்றது. என்ர முதல் புல் ரிக்வெஸ்ட் ஒரு சாம்பிளின்ர ரீட்மீ திருத்தம்தான், அதுக்கே கொமிட் மெசேஜ் வரி நீளம் கூட எண்டு ரோபோ திருப்பி விட்டுது. சிரிப்புத்தான் வந்தது. ஆனா திருத்தி அனுப்ப ஒரு மெயின்டெய்னர் நல்ல மரியாதையா ரெண்டு வசனம் எழுதிச் சேத்துக்கொண்டார். சென்சர் ட்ரைவர் எண்டா கொஞ்சம் வேலை இருக்கு, சி ஃபைல் மட்டும் காணாது, கேகொன்ஃபிக் (எதை பில்ட் பண்ணிறது எண்ட செட்டிங்) வேணும், டிவைஸ்ட்ரீ (போர்ட்டில என்ன ஹார்ட்வெயர் இருக்கு எண்ட விவரம்) பைண்டிங் வேணும், பில்ட் ரெஸ்ட்டில ஒரு பதிவு வேணும். டிவைஸ்ட்ரீதான் தலையிடி, சொல்லிப்போட்டன். அதை விளங்கிக்கொள்ள எனக்கு சி படிச்சதை விடக் கூட நேரம் போச்சு.

விசுவமடு_வயரிங்:

எல்லாருக்கும் நன்றி, ஃப்ளோட் சுவிட்ச் இந்தக் கிழமையே பூட்டிறன் அண்ணை. இன்னொரு சந்தேகம். ஆர்டுயினோவில ஓடின அதே டாஸ்க்கை இஎஸ்பி ஐடிஎஃப்புக்கு (சிப் கொம்பனியின்ர சொந்த டெவலப்மென்ட் கிட்) மாத்தினன், சென்சர் டாஸ்க் 5 மில்லிசெக்கனுக்கு ஒருக்கா பாக்கிற மாதிரி டிலே போட்டிருக்கு. ஆனா கொஞ்ச நேரத்தில டாஸ்க் வோச்டோக் (டாஸ்க் மாட்டுப்பட்டுதோ எண்டு பாக்கிற காவல் டைமர்) ட்ரிகர் ஆச்சுது, ஐடில் டாஸ்க் (வேற வேலை இல்லாத நேரம் ஓடுறது) ஓடேல்லை எண்டு கத்துது. ஆர்டுயினோவில இப்பிடி வரேல்லை, கோட் ஒரு எழுத்தும் மாறேல்லை. என்ன காரணமா இருக்கும்?

முள்ளியவளை_மூனிச்:

நான் முள்ளியவளை, இப்ப ஜேர்மனியில இந்த வேலைதான் பாக்கிறன். தம்பி உங்கட கோட் மாறேல்லை, கீழ டிக் (ஆர்டிஓஎஸ் நேரம் எண்ணுற துடிப்பு) மாறியிருக்கு. ஆர்டுயினோ கோர் டிக்கை செக்கனுக்கு 1000 எண்டு வைச்சிருக்கு, ஐடிஎஃப்பில டீஃபோல்ட் 100. அப்ப ஒரு டிக் 10 மில்லிசெக்கன். 5 மில்லிசெக்கனை டிக்கா மாத்தேக்க முழு எண்ணாத்தான் வெட்டும், விடை 0. டிலே 0 எண்டா டாஸ்க் நித்திரைக்கே போகாது, சம முன்னுரிமை ஆக்களுக்கு மட்டும் வழி விட்டுட்டு திரும்ப ஓடும், எல்லாத்துக்கும் கீழ கிடக்கிற ஐடிலுக்கு நேரமே கிடைக்காது. வோச்டோக் 5 செக்கன் பாத்திட்டு கத்துது. மெனுகொன்ஃபிக்கில டிக் ரேட்டை 1000 ஆக்குங்கோ, இல்லாட்டி டிலேயை 10க்குக் கூட்டுங்கோ. துல்லியமா வேணுமெண்டா ஹார்ட்வெயர் டைமர் இன்டரப்ட்டில இருந்து டாஸ்க்கை எழுப்புங்கோ, அதுதான் ஒழுங்கான வழி, இன்டரப்ட்டுக்குள்ள ஃப்ரம் ஐஎஸ்ஆர் எண்டு முடியிற ஃபங்ஷன்களை மட்டும் பாவியுங்கோ.

இன்னொண்டு, ஸ்டாக் சைஸ் குடுக்கேக்கயும் கவனம். அசல் ஃப்ரீஆர்டிஓஎஸ்இல அது வேர்டில, ஐடிஎஃப்பில பைட்டில. எஸ்டிஎம்மில 512 எண்டு போட்ட டாஸ்க்குக்கு 2048 பைட் கிடைக்கும், அதையே இஎஸ்பிக்கு கொப்பி அடிச்சா நாலில ஒரு பங்குதான்.

ஜிஎஸ்எம் போர்ட்டை ரெண்டு டாஸ்க் பாவிக்குதெண்டா மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில ஒரு டாஸ்க்கை மட்டும் விடுற பூட்டு) போடுங்கோ, பைனரி செமஃபோர் இல்லை. ஃப்ரீஆர்டிஓஎஸ் மியூடெக்ஸில முன்னுரிமை பரம்பரை (பூட்டை வைச்சிருக்கிற டாஸ்க்குக்கு, அதுக்காகக் காத்திருக்கிற டாஸ்க்கின்ர முன்னுரிமை கிடைக்கிறது) இருக்கு, செமஃபோரில இல்லை. 1997 இல செவ்வாய்க்குப் போன பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதுக்கு இது இல்லாததுதான் காரணம்: முன்னுரிமை குறைஞ்ச வானிலை டாஸ்க் மியூடெக்ஸைப் பிடிச்சுக்கொண்டிருக்க, நடுத்தர முன்னுரிமை டாஸ்க்குகள் அதை ஓட விடாமத் தடுக்க, முன்னுரிமை கூடின பஸ் டாஸ்க் காத்திருந்து கெடு தவற, ரீசெட். அதில ஓடினது விஎக்ஸ்வேர்க்ஸ் எண்ட ஆர்டிஓஎஸ், பரம்பரை வசதி அதில இருந்தது, அந்த மியூடெக்ஸுக்கு மட்டும் ஓஃப் பண்ணி இருந்தது. பூமியில இருந்தே ஓன் பண்ணிவிட்டவை. உங்கட கிணத்துக்கு நடந்தா சைக்கிளை எடுத்துக்கொண்டு நீங்கள்தான் போகோணும்.

பங்களிப்புக்கு வேற எங்கயும் தேடவேண்டாம். இந்த டிக் விசயத்தையே எடுங்கோ, எத்தினை பெடியள் இதில மாட்டுப்படுறாங்கள். உங்கட கரண்ட் சென்சர் உதாரணத்தோட தமிழில எழுதி, ஓடுற கோடையும் சேத்து ரெப்போவில போடுங்கோ, லைசன்ஸ் ஃபைல் கட்டாயம். லைசன்ஸ் இல்லாம விட்ட கோடை ஒருத்தரும் சட்டப்படி தொடேலாது.

விசுவமடு_வயரிங்:

டிக் ரேட்டை 1000 ஆக்கினன், வோச்டோக் நிண்டிட்டுது. நன்றி அண்ணா. புளூ பில்லில பெண்ட்எஸ்வி வேலையை இரவில தொடங்கிறன், கொழும்பில இருந்து ரெண்டு போர்ட் எடுப்பிச்சனான், ஒண்டு ப்ரோகிராம் ஏறுது, மற்றது ஓப்பன்ஓசிடியில (ப்ரோகிராம் ஏத்திற ரூல்) ஐடிகோட் (சிப்பின்ர அடையாள எண்) பிழை எண்டு நிக்குது.

அக்கராயன்_ஆள்:

ஐடிகோட் 1 இல தொடங்காம 2 இல தொடங்குதெண்டா அது சீன குளோன் சிப். ஓப்பன்ஓசிடி கொன்ஃபிக்கில எதிர்பாக்கிற ஐடியை மாத்திவிடும், ஏறும். ஆனா ஹார்ட்ஃபோல்ட் தேடேக்க அந்த போர்ட்டை வைச்சுக்கொண்டு தேடாதையும், அசலை எடும்.