பத்து லட்சத்துக்கு எவ்வளவு வேலை தேறியது?

ஓசூரிலிருந்து:

சிப்காட் அருகே சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். ராணுவத் தளவாட நிறுவனம் ஒன்றுக்கு அலுமினிய உலோகக் கலவையில் 400 உதிரிபாகங்கள் செய்து தர வேண்டும். மொத்த மதிப்பீடு 20 லட்சம். பாதிக் காலம் முடிந்தபோது செலவு சரியாக 10 லட்சம். கணக்கு நேராகத்தான் போகிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

பெங்களூரிலிருந்து வந்த திட்ட மேலாளர் அம்மையார் என் பில்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "சார், ஆய்வில் தேறியவை எத்தனை?" என்றார். 150 என்றேன். "அப்படியானால் முடிந்திருப்பது ஏழரை லட்ச ரூபாய் வேலைதான். செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் 75 காசு வேலைதான் தேறியிருக்கிறது. இப்படியே போனால் மொத்தமும் முடிய 26 லட்சத்து 67 ஆயிரம் ஆகும்." காகிதத்தில் நாலே வரி. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

அதோடு அவர் விடவில்லை. கழித்துப் போட்டிருந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, துளையின் விளிம்பில் நகத்தை ஓட்டினார். பிசிறு தட்டியது. மிச்சம் பிடிப்பதாக நினைத்து, தேய்ந்த இன்சர்ட்டை (உலோகத்தை வெட்டும் முனையை) மாற்றாமலே ஓட்டியிருந்தோம். சில நூறு ரூபாய்க்காக, சான்றிதழோடு வந்த உலோகம் பாழானது. அதை வெளிக்கடையில் வாங்கி ஈடுகட்டவும் முடியாது.

அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு 1974-இல் ஒதுக்கியது 15.5 கோடி ரூபாய். பின்னர் அது 305.6 கோடியானது. காலம் நீண்டது, ராணுவத்தின் தேவைகளும் மாறின. ஆனாலும் பாதி வழியிலேயே கடைசித் தொகையைக் கணித்துச் சொல்பவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று அன்றுதான் கண்டேன்.

தர்மபுரியிலிருந்து:

எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். "சின்ன மாற்றம்தான், முடித்துக் கொடுங்கள்" என்று வேலை கொடுத்தவர்கள் வாய்வார்த்தையாகவே மூன்று முறை வரைபடத்தை மாற்றினார்கள். ஒப்பந்தத்தில் விலை மாறாது. தாமதமானால் வாரத்துக்கு அரை சதவீதம் பிடித்தம். மூன்றாவது மாற்றத்தில் என் ஃபிக்சர்கள் (பாகத்தை இயந்திரத்தில் பிடித்து வைக்கும் தாங்கிகள்) அத்தனையும் பழைய இரும்பாகிவிட்டன.

அடுத்து வந்த மேலாளர் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி. எந்த மாற்றமானாலும் எத்தனை ரூபாய், எத்தனை நாள் என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே இயந்திரத்தைத் தொடச் சொன்னார். அந்த மாதம் வந்த ஏழு கோரிக்கைகளில் கையெழுத்தோடு திரும்பி வந்தவை இரண்டே.