ந இரட்டை எண்ணாக இருந்தால் பூச்சியக் கூட்டுத்தொகை நட்சத்திரத்துக்கு ஒரு முனை ஏன் குறைகிறது?

கேள்வி:
2ந முனைகள் கொண்ட முழுக் கோட்டுருவின் (எந்த இரு முனைகளையும் ஒரு விளிம்பு இணைக்கும்) விளிம்புகளுக்கு 0 முதல் ந−1 வரையுள்ள எச்சங்களை நிறங்களாகக் கொடுக்கிறோம். ஒவ்வொரு முனையிலும் 2ந−1 விளிம்புகள் சேர்வதால், எர்டோஷ்–கின்ஸ்பர்க்–ஸிவ் தேற்றப்படி (1961) அவற்றில் ஏதோ ந விளிம்புகளின் கூட்டுத்தொகை ந-ஆல் வகுபடும்; ஒரே முனையில் சேரும் இந்த ந விளிம்புகளே பூச்சியக் கூட்டுத்தொகை நட்சத்திரம். ந ஒற்றையானால் இந்த 2ந கட்டாயம், இரட்டையானால் 2ந−1 முனைகளே போதும் என்பது தெரிந்த முடிவு. மொத்தம் இரண்டே நிறங்கள் என்றால் காரணம் புரிகிறது. முனைக்கு முனை வேறு நிறச் சோடி வந்தால்?

பதில் 1:
ஒற்றைக்கு ந=3 பாருங்கள். ஐங்கோணத்தின் பக்கங்களுக்கு 0, மூலைவிட்டங்களுக்கு 1. ஒவ்வொரு முனையிலும் இரண்டு 0, இரண்டு 1. எந்த மூன்றைக் கூட்டினாலும் 1 அல்லது 2தான் வரும். ஐந்து முனைகள் போதாது.

இனி ந இரட்டை, முனைகள் 2ந−1, எங்கும் நட்சத்திரம் இல்லை என்று கொள்வோம். ஒரு முனையில் 2ந−2 விளிம்புகள். அவற்றில் ந உறுப்புகள் சேர்ந்து பூச்சியமாகவில்லை என்றால், அங்கே இரண்டே எச்சங்கள்தான், தலா ந−1 முறை. அவற்றின் வித்தியாசம் சக்கரக் குலத்தின் (ந-ஆல் வகுக்கும் எச்சங்கள், கூட்டலோடு) பிறப்பாக்கியாகவும் (ந-உடன் 1 தவிரப் பொதுக் காரணி இல்லாத எண்) இருக்கும். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி நிபந்தனையைத்தான், வாதமோ முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. ந இரட்டை என்பதால் பிறப்பாக்கி ஒற்றை எண். எனவே எந்தச் சோடி வந்தாலும் ஒரு நிறம் ஒற்றை, மற்றது இரட்டை. ஒற்றை நிற விளிம்புகளை மட்டும் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முனையின் படியும் (அங்கே சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை) ந−1. முனைகள் 2ந−1, படி ந−1, இரண்டுமே ஒற்றை. படிகளின் கூட்டுத்தொகை ஒற்றையாகிறது. அது விளிம்புகளின் எண்ணிக்கையைப் போல் இருமடங்காக வேண்டுமே! முரண்பாடு. மொத்தம் எத்தனை நிறங்கள் என்ற கேள்வியே எழவில்லை.

கேட்டவர்:
அருமை, நன்றி. சக்கரக் குலம் அல்லாதவற்றுக்கும் 2ந தேவையா?

பதில் 2:
தேவையில்லை. முடிவுள்ள பரிமாற்றுக் குலத்தின் வரிசையோடு (உறுப்புகளின் எண்ணிக்கை) டேவன்போர்ட் மாறிலியைக் (எத்தனை உறுப்புகளை எடுத்தால் அவற்றில் சில சேர்ந்து பூச்சியமாவது உறுதியோ, அந்த மிகச்சிறிய எண்) கூட்டி 1 கழித்தால் போதுமான விளிம்புகளின் எண்ணிக்கை வரும் (வெய்தோங் காவ், 1996). 3-ஆல் வகுக்கும் எச்சங்களின் சோடிகளாலான குலத்தில் மாறிலி 5, ஆக 9+5−1=13. 14 முனைகளிலேயே 9 விளிம்பு நட்சத்திரம் உறுதி; வரிசை 9 உள்ள சக்கரக் குலத்துக்கோ 18 வேண்டும்.

நிரல் எழுதிச் சோதிப்பவர்கள் நட்சத்திரத்தின் நீளத்தைக் குலத்தின் வரிசையாக வைக்கிறோமா, அடுக்காக (எந்த உறுப்பையும் அத்தனை முறை கூட்டினால் பூச்சியம் வரும் மிகச்சிறிய எண்) வைக்கிறோமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இதே குலத்தில் நீளம் 3 என்றால் 9 விளிம்புகள் போதும். 8 போதாது: (0,0), (0,1), (1,0), (1,1) நான்கையும் இருமுறை எடுத்தால் எந்த மூன்றும் பூச்சியமாகாது.