கேஸ் ஷீட் நகல் வாங்க வழி சொல்லுங்கள்

வணக்கம். பாலக்கோடு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமியாருக்குத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்தும் வலி குறையவில்லை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினோம். உள்ளே என்ன செய்தார்கள் என்று பார்க்க ஆபரேஷன் நோட்ஸும் கேஸ் ஷீட்டும் (உள்நோயாளியாக இருந்தபோது எழுதிய சிகிச்சைக் குறிப்புகள்) கேட்கிறார்கள். பழைய இடத்தில் போய்க் கேட்டால், "டிஸ்சார்ஜ் சம்மரிதான் தருவோம், மற்றதெல்லாம் எங்கள் ரெக்கார்டு" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. உள்நோயாளியின் ஆவணங்களை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மறுத்தால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். வயதானவர் வலியில் துடிக்கும்போது ஒரு நகலுக்கு இப்படி அலையவிடுவது அநியாயம்.

ஏற்கெனவே எழுதிக் கேட்டு வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மனுவை யார் பெயருக்கு எழுதினீர்கள்? அத்தையால் நேரில் வர முடியாது, கைநாட்டு வைத்த அனுமதிக் கடிதம் போதுமா? பதிவுத் தபாலா, நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குவதா? அப்புறம், கவுன்சிலுக்குப் போகும் முன் சுகாதாரத் துறையின் மாவட்ட அதிகாரியான நலப்பணிகள் இணை இயக்குநரைப் பார்த்தால் பலன் இருக்குமா? மாதிரி மனு வைத்திருப்பவர்கள் பெயர் விவரங்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள்.