கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தோட்டக் குழு: உறுப்பினர்களுக்கும் ஊருக்கும் என்னென்ன செய்யலாம்?

கேள்வி: சித்தூர் வட்டத்துத் தோட்டக்காரி

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் வசிக்கிறேன். வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் ஏறத்தாழ இருபது குடும்பத்தினர் ஒரு வாட்ஸப் குழுவில் இருக்கிறோம். பூத்த செம்பருத்தியின் படமும், இலை ஏன் சுருள்கிறது என்ற கேள்வியும் வருவதோடு அந்தக் குழுவின் வேலை முடிந்துவிடுகிறது. அதை நேரில் கூடும் தோட்டக் குழுவாக மாற்ற வேண்டும், ஊருக்கும் அதனால் ஏதாவது பயன் கிடைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கேரளம் என்றவுடன் எல்லோரும் நினைக்கிற மழை எங்களுக்குக் கிடையாது. சித்தூரின் கிழக்குப் பகுதி மழை குறைந்த, பனைமரமும் கிளுவை வேலியுமான நிலம். எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் கரிசல்; எங்கள் தெருவில் செம்மண். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட கிழக்குக் காற்றில் மாடியில் வைத்த நாற்று ஒரே பகலில் வாடிவிடும். ஆகவே, திருச்சூர் அல்லது கொச்சிக் குழுக்கள் செய்வதை அப்படியே பின்பற்ற முடியவில்லை.

உறுப்பினர்களில் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசுபவர்கள், சிலர் மலையாளம் பேசுபவர்கள். இத்தகைய குழு மாதந்தோறும் எதைச் செய்தால் மக்கள் தொடர்ந்து வருவார்கள்? மலர்க் கண்காட்சியும் போட்டியும் நடத்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது தொடக்கத்திலேயே வேண்டுமா? சங்கமாகப் பதிவு செய்வது அவசியமா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில் 1: கோபாலபுரம் விதைக்காரர்

வணக்கம் அம்மா. நான் எல்லைக்கு இந்தப் பக்கம், பொள்ளாச்சி வட்டத்தில் இருக்கிறேன். எங்கள் மண்ணும் காற்றும் ஏறத்தாழ உங்களுடையவைதான் என்பதால் உறுதியாகவே எழுதுகிறேன். பேச்சாளரை அழைத்து நாற்காலி போட்டு நடத்தும் கூட்டத்தை முதல் ஆண்டில் தவிர்த்துவிடுங்கள். மாதம் ஒருமுறை ஓர் உறுப்பினரின் தோட்டத்தில் கூடி, அங்கே உண்மையாகவே செய்ய வேண்டியிருக்கும் ஒரு வேலையை எல்லோரும் சேர்ந்து செய்யுங்கள். முருங்கைப் போத்து (தடித்த கிளைத் துண்டு) வெட்டி நடுவது, மல்லிகைக்குக் கவாத்து செய்வது, மட்கு குழியைப் புரட்டுவது, கொய்யாவில் விண்பதியம் (மரத்தில் இருக்கும்போதே கிளையை வேர்விடச் செய்வது) கட்டுவது என எது அந்த மாதத்து வேலையோ அதுவே அன்றைய நிகழ்ச்சி. கையில் மண் பட்டவர் அடுத்த மாதமும் வருவார்.

இரண்டாவதாக, விதைப் பரிமாற்றம். அமெரிக்காவின் முதல் தோட்டக் குழு என்று கருதப்படுவது, ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் 1891-இல் பன்னிரண்டு பெண்கள் கூடித் தொடங்கியது. செடியும் விதையும் கைமாறியதும், செடி வளர்ப்பைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்ததும்தான் அத்தகைய குழுக்களுக்கு அடித்தளம். உங்கள் இருபது குடும்பங்களுக்கும் அது போதும். ஆடிப்பட்டத்துக்கு முன்பாக, ஆனி மாதக் கடைசியில் ஒரு பரிமாற்றமும், தைப்பட்டத்தை ஒட்டி இன்னொன்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பெயரில்லாத விதைப் பொட்டலத்தை வாங்கவே கூடாது என்பதை முதல் நாளிலேயே விதியாக்கிவிடுங்கள். பொட்டலத்தின் மேல் பயிரின் பெயர், எடுத்த மாதம், எந்த வீட்டுத் தோட்டம், நாட்டு வகையா கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகமா என்ற நான்கும் இருக்க வேண்டும். வீரிய ஒட்டு ரகத்தின் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போலவே வராது. அதை நாட்டு விதை என்று நம்பி நட்டவர் காய்ப்பில் ஏமாந்தால் குழுவின் மேலுள்ள நம்பிக்கையே போய்விடும். அவரை, தக்காளி போன்றவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் அவற்றில் கலப்புக்கான வாய்ப்பு குறைவு. வெண்டையில் ஓரளவு கலக்கும். அரசாணி (மஞ்சள் பூசணி), சுரை, பீர்க்கு போன்ற கொடிக்காய்களில் தேனீ எங்கிருந்து மகரந்தம் கொண்டுவந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எனவே, கொடிக்காயில் கையால் மகரந்தம் சேர்ப்பதையே ஒரு மாத நிகழ்ச்சியாக வையுங்கள். குழந்தைகளும் ஆவலோடு செய்வார்கள். அரசாணிப் பூ விடியற்காலையில் விரியும். மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனி முந்தைய மாலையே மஞ்சளாக மாறியிருக்கும். அடியில் பிஞ்சு உள்ளது பெண் பூ, நீண்ட காம்பு மட்டும் உள்ளது ஆண் பூ. இரண்டிலும் அத்தகைய மொட்டுகளைத் தேர்ந்து, இதழ் நுனியை நூலால் கட்டிவிடுங்கள். காலையில் வெயில் ஏறும் முன்பு ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவி, பெண் பூவை மறுபடியும் கட்டிவிட்டுக் காம்பில் ஓர் அடையாள நூல் சுற்ற வேண்டும். அந்தக் காயை முற்றவிட்டு எடுக்கும் விதைதான் பரிமாற்றத்துக்கு உரியது. சுரையும் பீர்க்கும் மாலையில் பூப்பவை என்பதால் அவற்றுக்கு அந்தி நேரத்தில் கூட வேண்டும்.

போட்டியைப் பற்றி என் கருத்து: இப்போது வேண்டாம். ஊட்டியில் 1896 முதல் மலர்க் கண்காட்சி நடந்துவருவது பெருமைதான், ஆனால் அதற்குப் பின்னால் அரசுத் தாவரவியல் பூங்காவும் பணியாளர்களும் இருக்கிறார்கள். சிறிய குழுவில் பரிசு கொடுத்தால் ஒருவர் மகிழ்வார், மற்றவர்கள் ஒதுங்குவார்கள். பரிசே இல்லாமல், அவரவர் விளைவித்ததை ஒரு மேசையில் வைத்து, எப்படி வளர்த்தோம் என்று எழுதி வைக்கும் காட்சி நாள் போதும். சுற்றுலா வேண்டுமென்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்கா உங்களுக்குத் தொலைவில்லை, மலம்புழாத் தோட்டமும் அப்படித்தான்.

பதில் 2: பாறசாலை மாடித்தோட்டம்

விதைக்காரர் ஐயா சொன்னவை அனைத்தையும் ஏற்கிறேன். விதையை விடக் கன்றும் கிழங்கும் தண்டும் கைமாறுவதில்தான் ஆபத்து அதிகம் என்பதை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நாங்கள் களியக்காவிளைக்கு மேற்கே, வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி) இல்லாத வீடே இல்லாத பகுதியில் இருக்கிறோம். நல்லெண்ணத்தோடு கொடுத்த ஒரு வாழைக்கன்று முடிக்கொத்து நோயை ஒரு தெரு முழுவதும் பரப்பியதைப் பார்த்திருக்கிறேன். இலைகள் குறுகி நிமிர்ந்து உச்சியில் கொத்தாக நிற்பதும், இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டுத் தெரிவதும் அதன் அறிகுறிகள். அசுவினி அதைப் பரப்புகிறது. நோய் கண்ட வாழையைக் காப்பாற்ற வழியில்லை. கிழங்கோடு தோண்டி அழிக்கத்தான் வேண்டும். மரச்சீனியில் தேமல் நோய் தண்டு வழியாகவே அடுத்த தோட்டத்துக்குப் போகும். ஆகவே, தாய்ச்செடியை இரண்டு பேராவது நேரில் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் கன்றும் தண்டும் பரிமாற்றத்துக்கு வரலாம் என்ற ஏற்பாடு எங்களிடம் உண்டு. தென்னங்கன்றிலும் இதே எச்சரிக்கை தேவை. வேர்வாடல் நோய் உள்ள பகுதியிலிருந்து யாரும் கன்று கொண்டுவர வேண்டாம்.

ஊருக்குப் பயன்படும் வேலை கேட்டிருந்தீர்கள். மழைக்காலத்தில் ஆப்பிரிக்கப் பெருநத்தையைக் கூட்டாகப் பிடிப்பதை விடப் பயனுள்ள வேலை எனக்குத் தெரியவில்லை. ஒருவர் தம் வீட்டில் மட்டும் பிடித்துப் பயனில்லை. மதில் தாண்டி மறுநாளே வந்துவிடும். தெரு முழுவதும் ஒரே மாலையில் இறங்க வேண்டும். நனைத்த சாக்கில் பப்பாளி இலையையும் தண்டுத் துண்டுகளையும் போட்டு அந்தியில் வேலியோரம் வைத்தால் இருட்டியபின் அதில் வந்து கூடும். கையுறை போட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும், ஏனெனில் மூளைக்காய்ச்சலை உண்டாக்கக்கூடிய ஒருவகைப் புழுவை அந்த நத்தை சுமக்கிறது. சிறுவர்களை வெறுங்கையால் தொட விடாதீர்கள். எடுத்தவற்றை வாளியில் கெட்டியான உப்புக் கரைசலில் போட்டு, பிறகு குழியில் புதைத்துவிடலாம். செடியின் அடியில் நேராக உப்பைத் தூவக் கூடாது; மண் கெட்டுவிடும். உங்கள் பகுதியில் மழை குறைவு என்றாலும், வாய்க்கால் ஓரத் தோட்டங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பதில் 3: சித்தூர்ப் பழைய எழுத்தர்

பதிவு பற்றிக் கேட்ட கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். வெறும் பரிமாற்றமும் கூட்டு வேலையும் நடத்தப் பதிவு தேவையில்லை. குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, நன்கொடை, அரசு உதவி ஆகியவை வரும்போதுதான் அது பயன்படும். ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதியலாம். கேரளத்தில் இதற்கு எல்லா இடத்திலும் ஒரே சட்டம் இல்லை. பழைய மலபார்ப் பகுதிக்கு 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டமும், பழைய திருவிதாங்கூர்–கொச்சிப் பகுதிக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. பாலக்காட்டின் பெரும்பகுதி மலபாரில் இருந்தபோது சித்தூர் கொச்சி அரசின்கீழ் இருந்தது. ஆகவே, பாலக்காட்டு நண்பர் கொடுக்கும் மாதிரிப் படிவத்தை அப்படியே நகலெடுக்காமல், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு முன்பே உங்கள் பஞ்சாயத்துக் கிருஷி பவனுக்கு (வேளாண் அலுவலகம்) ஒரு கடிதம் கொடுங்கள். ஓணத்தை முன்னிட்டு வீட்டுக் காய்கறித் திட்டத்தில் விதைப் பொட்டலமும் நாற்றும் அங்கிருந்துதான் வருகின்றன. ஜூன் பிற்பகுதியில் தொடங்கும் திருவாதிரை ஞாற்றுவேலையை (மழைக்கால நடவுப் பருவம்) ஒட்டி நடக்கும் சந்தையில் உங்கள் குழுவும் ஒரு மேசை கேட்கலாம். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசு அலுவலகங்களோடு எழுத்துத் தொடர்பு கொள்வதற்கு 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் கூட்டத்தை எங்கள் வீட்டிலேயே மட்கு குழி வேலையோடு வைத்துக்கொள்கிறோம். மொழி வேறுபட்ட உறுப்பினர்கள் இருவகையினரும் தமது குழு என்று உணரும்படி ஏதாவது பொது நிகழ்ச்சி சொல்ல முடியுமா?

பதில் 4: வேலந்தாவளம் பூத்தோட்டம்

வணக்கம் அக்கா. நானும் உங்கள் பக்கத்து ஊர்தான். இரண்டு பண்டிகைகளுக்கான செடிகளையும் குழுவே வளர்த்துவிடலாம். ஓணத்துக்கு அத்தம் முதல் பத்து நாள் பூக்களம் போடப் பூ விலைக்கு வாங்குகிறோம். செண்டுமல்லி நாற்று நட்டு ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூக்கும், நாற்றங்காலுக்கு ஒரு மாதம் ஆகும். எனவே அந்த ஆண்டு ஓணம் வரும் தேதியிலிருந்து மூன்று மாதம் பின்னோக்கி எண்ணி விதையுங்கள். நட்ட மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் விட்டுப் பூ பெருகும். வாடாமல்லியும் உடன் போடலாம். தும்பையைக் களை என்று பிடுங்காமல் வேலியோரம் விட்டுவைக்க வேண்டும். மலையாள உறுப்பினர்களின் பூக்களத்துக்கு அது முக்கியம், நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் அதன் அருமை தெரியும்.

பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் வேண்டும். மனையாகப் பிரித்த காடுகளில் ஆவாரையும் பூளையும் குறைந்துகொண்டே வருவது எனக்கு உண்மையான கவலை. நம் வறண்ட மண்ணுக்கு ஆவாரையை விடப் பொருத்தமான பூச்செடி இல்லை. ஒருமுறை பிடித்துவிட்டால் தண்ணீர் கேட்காது. பள்ளிச் சுற்றுச்சுவர், நூலகம், சுடுகாட்டுப் பாதை போன்ற இடங்களில் பஞ்சாயத்தின் அனுமதியோடு ஒரு வரிசை வளர்க்கலாம். ஆவாரை விதையின் தோல் கெட்டியானது. கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு இரவு முழுவதும் ஊறவிட்டு விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். என்னிடம் நெற்று நிறைய இருக்கிறது, மட்கு குழி வேலைக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.